கண்ணாடிக்குள் அடைபட்ட விசை

(நாமக்கல்லில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும். திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. சங்ககிரி என்றால் மறுபடியும் லாரி. சேலத்திலிருந்து கரூர் வரைக்கும் வண்டியால் பிழைக்கிற சீமை இது. இந்தச் சீமையில் வண்டிக் கண்ணாடியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் யாரும் எழுந்து போகமாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு புகார் உண்டு. கதவுக்குப் புதுக் கண்ணாடி மாட்டி வண்டியை எடுத்து வருகிறார்கள். வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால், கண்ணாடி முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளிகள். சில இடத்தில் சாம்பல், சில இடத்தில் நீலம். கூலிங் கிளாஸைக் கழற்றினால் ஒன்றும் இல்லை. “மட்ட சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள்” என்று சண்டைக்குப் போகிறார்கள். கடைக்காரர் துணி வைத்துத் துடைத்துக் காட்டுகிறார். அது துடைத்துப் போகிற புள்ளி இல்லை. அந்தக் கண்ணாடி பிறந்தபோது அதற்குள் பூட்டி வைத்த விசையின் அடையாளம் அது. அந்த விசை எப்படி உள்ளே போனது, ஒளி அதை எப்படி வெளியே காட்டிக்கொடுக்கிறது, தெரிந்துகொண்டு நாம் என்ன செய்ய வேண்டும், இந்த மூன்றும்தான் இன்றைய பேச்சு.

கண்ணாடி எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மணலையும் சோடாவையும் சுண்ணாம்புக்கல்லையும் உருக்கி, உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குகிறார்கள். இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் உலகுக்கு அறிவித்த முறை இது. நம் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000-ல் உற்பத்தியைத் தொடங்கியது. தகரத் தொட்டியிலிருந்து வெளியே வரும்போது தகட்டின் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரி. அப்படியே காற்றாட விட்டுவிட்டால் வெளிப்பக்கம் முந்திக் குளிரும், உட்பக்கம் பிந்தும். தகட்டுக்குள் தாறுமாறாக இழுபறி ஏற்பட்டு, வைரம் வைத்துக் கீறியதும் கோணல்மாணலாக உடையும். அதனால் நீண்ட சூளை ஒன்றுக்குள் உருளைகளின் மேல் ஓடவிட்டு, மெல்ல மெல்ல ஆறவைக்கிறார்கள். பதமாக ஆறிய இந்தக் கண்ணாடிதான் ஜன்னல் கடையில் வெட்டித் தருகிற சாதாக் கண்ணாடி.

டஃபண்ட் கிளாஸ் என்று நாம் சொல்வது அதற்கு நேர் எதிர். தாறுமாறாக வந்தால் கெடுதல் செய்கிற அந்த இழுபறியையே ஒழுங்குபடுத்தி உள்ளே ஏற்றுகிறார்கள். முதலில் வேண்டிய அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, ஓட்டை போட வேண்டிய இடத்தில் ஓட்டையும் போட்டுவிடுவார்கள். பிறகு உலையில் 620, 650 டிகிரி வரை சூடேற்றி, வெளியே வந்த உடனே இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான துளைகளிலிருந்து காற்றைப் பீய்ச்சி அடிப்பார்கள். மேற்பரப்பு நொடிகளில் இறுகிவிடும். நடுப்பகுதி இன்னும் இளகிய நிலையில் இருக்கும். அது பின்னால் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பு அதைச் சுருங்கவிடாது. நடுப்பகுதி மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கும். கடைசியில் மேற்பரப்பு அமுக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. நடுப்பகுதி இழுவையில் மாட்டிக்கொள்கிறது.

வயதானவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டையை எருமூட்டம் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச் சக்கரத்தின் மேல் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் அந்த வண்டி தெருவில் சும்மா நின்றாலும், பட்டை இழுவையில்தான் இருக்கும், மரம் அமுக்கத்தில்தான் இருக்கும். வெளியிலிருந்து யாரும் எதையும் தள்ளவில்லை. ஆனாலும் உள்ளே விசை இருக்கிறது. பொறியியலில் இதற்கு எஞ்சிய தகைவு என்று பெயர். பிந்திக் குளிர்ந்தது இழுவையில், முந்தியது அமுக்கத்தில். விதி இவ்வளவுதான்.

அளவு எவ்வளவு? நன்றாக டஃபன் செய்த கண்ணாடியின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் அமுக்கம் இருக்கும். டன் கணக்கு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு விரல் நகத்தளவு இடத்தில் ஒரு டன். நடுவில் இருக்கும் இழுவை அதில் பாதி. கண்ணாடியின் மொத்தக் கனத்தில் இரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு அமுக்கப் பகுதி. மிச்சம் நடுவில் இழுவைப் பகுதி. 5 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்.

கண்ணாடி எப்போதும் இழுவையில்தான் உடையும்; அமுக்கத்தில் லேசில் உடையாது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எந்தக் கண்ணாடியிலும் இருக்கும். வளைக்கும்போது அந்தக் கீறல் வாய் பிளந்தால்தான் விரிசல் ஓடும். டஃபண்ட் கிளாஸில் கீறல்களின் வாயை அந்த அமுக்கம் மூடிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் சாதாக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு தாங்குகிறது. ஆனால் ஒரு கூர்மையான கல் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி இழுவைப் பகுதியைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. உள்ளே பூட்டியிருந்த ஆற்றல் முழுவதும் ஒரே நேரத்தில் விடுபட்டு, கண்ணாடி சோளப்பொரி மாதிரிக் கொட்டிவிடும். அதே காரணத்தால்தான், டஃபன் ஆன கண்ணாடியை அப்புறம் அறுக்கவோ துளைக்கவோ முடியாது.

இந்த விசையின் விளையாட்டை மனிதன் ரசிக்கத் தொடங்கி மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. உருகிய கண்ணாடியைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் வாலுள்ள துளியாக உறையும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை நறுக்கினால் மொத்தமும் தூளாகும். இளவரசர் ரூபர்ட் 1660 வாக்கில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்ததால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இராபர்ட் ஹுக் 1665-ல் வெளியிட்ட தன் நுண்ணோக்கி நூலில் அதைப் பற்றி எழுதினார். ஏன் இப்படி நடக்கிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. சந்திரசேகர், சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் அதிவேகப் படக் கருவி கொண்டு பார்த்தபோது, வாலில் தொடங்கும் விரிசல் நொடிக்கு 1450 முதல் 1900 மீட்டர் வேகத்தில் ஓடுவது தெரிந்தது. காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் நாலைந்து மடங்கு. பிறகு எஸ்தோனியா நாட்டின் ஹில்லர் ஆபனும் இவர்களும் சேர்ந்து, துளியின் தோலில் எவ்வளவு அமுக்கம் என்று ஒளியைக் கொண்டே அளந்தார்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 டன். சுத்தியல் தோற்றதற்குக் காரணம் அதுதான்.

ஒளியைக் கொண்டு விசையை எப்படி அளப்பது? இதுதான் பேச்சின் நடுப்பகுதி; கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒளி ஓர் அலை. அது போகும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. சாதாரண ஒளியில் இந்த அதிர்வு எல்லாக் குறுக்குத் திசையிலும் கலந்திருக்கும். ஒரே திசையில் மட்டும் அதிரும்படி வடிகட்டினால் அதைத் தளவிளைவு பெற்ற ஒளி என்று பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் சொல்லும். அப்படி வடிகட்டும் தாள் போலராய்டு. நல்ல கூலிங் கிளாஸ்களில் இருப்பது அதுதான். இரண்டு போலராய்டுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் முதலாவது விட்ட ஒளியை இரண்டாவது முழுதும் தடுத்துவிடும், இருட்டு.

இப்போது அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டை வையுங்கள். உள்ளே விசை எதுவும் இல்லாத கண்ணாடி என்றால் இருட்டு அப்படியே இருக்கும். விசை இருந்தால் வெளிச்சம் வந்துவிடும். காரணம் இதுதான்: கண்ணாடி ஒரு திசையில் அமுங்கியோ இழுபட்டோ இருந்தால், அந்தத் திசையில் அதிரும் ஒளி ஒரு வேகத்திலும், அதற்குக் குறுக்கே அதிரும் ஒளி வேறொரு வேகத்திலும் செல்லும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். வெளியே வந்து சேரும்போது இரண்டும் பழைய ஜோடியாக இருக்காது; அதிர்வின் போக்கே மாறியிருக்கும். அதனால் இரண்டாவது போலராய்டு அதை முழுதாகத் தடுக்க முடியாது.

எவ்வளவு பிந்துகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் இரண்டு குறுக்குத் திசைகளுக்கும் தகைவு வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பிந்தும் தூரம் சுமார் 135 நானோமீட்டர், அதாவது பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால்வாசி. தலைமுடியின் கனத்தில் பல நூற்றில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய பிந்தலைக் கண் வெளிச்சமாகப் பார்த்துவிடுகிறது. பிந்தல் கொஞ்சமாக இருந்தால் சாம்பல், வெள்ளை. பிந்தல் ஒரு நிறத்தின் முழு அலைநீளத்தை எட்டினால் அந்த நிறம் மட்டும் தடைபடும். மிச்ச நிறங்கள் கலந்து கண்ணுக்கு வரும். பச்சை போனால் ஊதா தெரியும். பிந்தல் இன்னும் ஏற ஏற, நீலம், பச்சை, மஞ்சள் என்று வரிசை மாறும். ஆகவே நிறம் பார்த்து விசையைச் சொல்லலாம்.

இதை முதலில் கண்டவர்களில் ஜெர்மனியின் ஸீபெக் ஒருவர், ஆண்டு 1813. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஸ்காட்லாந்தின் டேவிட் பிரூஸ்டர், கண்ணாடியைக் கையால் அழுத்தினாலே இந்த விளைவு வருகிறது என்று காட்டினார். கண்ணாடியில் எவ்வளவு தகைவுக்கு எவ்வளவு பிந்தல் என்று சொல்லும் எண்ணின் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான். பிற்காலத்தில் மின்காந்தக் கொள்கையால் பெயர்பெற்ற மாக்ஸ்வெல் பள்ளிப் பருவத்தில் கண்ணாடித் துண்டுகளைச் சிவக்கக் காய்ச்சித் திடீரெனக் குளிரவைத்து, உள்ளே தெரிந்த நிறக் கோலங்களை வண்ணத்தில் வரைந்து, ஒளியை வடிகட்டும் பட்டகங்கள் செய்துவந்த வில்லியம் நிக்கலுக்கு அனுப்பினார். மகிழ்ந்துபோன நிக்கல், தான் செய்த பட்டகங்களையே பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். பதினெட்டு வயதில் மாக்ஸ்வெல் இந்தப் பொருளில் கட்டுரையே எழுதிவிட்டார்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் பஞ்சரத்தினம் 1955-ல், இருபத்தோரு வயதில், பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு ஒரு பிரச்சினையைத் தீர்த்தார். இந்தச் சோதனைகளுக்குக் கால் அலைத் தகடு என்று ஒன்று தேவைப்படும். அது ஒரு நிறத்துக்குச் சரியாக இருந்தால் மற்ற நிறத்துக்குத் தவறாக இருக்கும். ஒரே பொருளில் செய்த தகடுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்கி, எல்லா நிறத்துக்கும் ஏறக்குறையப் பொருந்தும்படி செய்தார் அவர். முப்பத்தைந்து வயதில் ஆக்ஸ்போர்டில் காலமானார். ஜி.என். ராமச்சந்திரனும் எஸ். ராமசேஷனும் படிக ஒளியியல் பற்றி 1961-ல் நெடுங்கட்டுரை எழுதினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகப் பணியாற்றிய கே. ரமேஷ், கணினிப் படங்களைக் கொண்டு இந்த நிறக் கோலங்களை எண்களாக மாற்றும் முறை பற்றி 2000-ல் நூல் எழுதினார். கண்ணாடியின் எஞ்சிய தகைவையும் அளந்து காட்டியவர் அவர்.

இனி நம் புள்ளிகளுக்கு வருவோம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. டஃபண்ட் கிளாஸை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஒளி முதலில் அமுக்கப் பகுதியையும், பிறகு இழுவைப் பகுதியையும், மறுபடி அமுக்கப் பகுதியையும் கடந்து வருகிறது. முன்னால் கொடுத்த பிந்தலை நடுவில் எடுத்துவிட்டால் மொத்தத்தில் பூஜ்யம். அதாவது, எல்லா இடத்திலும் ஒரே சீராக டஃபன் செய்த கண்ணாடியின் நடுவில் புள்ளியே தெரியக் கூடாது!

பிறகு ஏன் தெரிகிறது? காற்றுத் துளைகளால் வந்த வினை. துளைக்கு நேர் எதிரே இருந்த இடம் கொஞ்சம் முந்திக் குளிர்ந்தது. இரண்டு துளைகளுக்கு இடைப்பட்ட இடம் கொஞ்சம் பிந்தியது. தகட்டின் பரப்பிலேயே இடத்துக்கு இடம் ஒரு சின்ன ஏற்றத்தாழ்வு. கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது அதுதான். பார்வையில் படும் புள்ளி வரிசை, அந்த உலையின் காற்றுத் துளைகளுடைய வரிசையின் பிரதி. ஆலை அடித்த காற்றின் கைநாட்டு என்றே சொல்லலாம். கட்டடக் கண்ணாடிக்கான அமெரிக்கத் தர விதியும் இதைக் குறை என்று கணக்கிடுவதில்லை. டஃபன் செய்வதோடு கூடவே வருவது என்றுதான் வைத்திருக்கிறது.

சரி, கூலிங் கிளாஸ் இரண்டாவது போலராய்டு. முதல் போலராய்டு எங்கே? மேலே பாருங்கள். வானம்தான். சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய பகுதியிலிருந்து வரும் நீல ஒளி, சிதறும்போதே ஒரு திசையில் அதிரும்படி வடிகட்டப்பட்டுவிடுகிறது. மாலையில் சூரியன் மேற்கே சாயும்போது தெற்கு வானமும் வடக்கு வானமும் உச்சி வானமும் அப்படி இருக்கும். நம் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. சேலமும் நாமக்கல்லும் இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாவது வாரத்தையும் ஆகஸ்ட் மூன்று, நான்காம் வாரங்களையும் ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது அடிவானம் சுற்றிலும் 90 டிகிரி. நான்கு திசையிலிருந்து வரும் வான ஒளியும் கிடைமட்டமாக அதிரும். கூலிங் கிளாஸ் போலராய்டோ கிடைமட்ட அதிர்வைத் தடுப்பதற்கென்றே செய்தது. தார் ரோட்டின் கூச்சத்தை அது குறைப்பது அப்படித்தான். வானம் ஒரு வடிகட்டி, கூலிங் கிளாஸ் அதற்குக் குறுக்கான வடிகட்டி, நடுவில் உங்கள் கதவுக் கண்ணாடி. ஆய்வகத்தில் காசு கொடுத்து வாங்கும் கருவி டிரைவர் சீட்டிலேயே அமைந்துவிடுகிறது. தூசியும் புகையும் அதிகமான நாளில் விளைவு மங்கும். மழை பெய்து வானம் கழுவிவிட்டது போல் இருக்கும் நாளில் நன்றாகத் தெரியும்.

இதிலிருந்து பட்டறைக்கு என்ன கிடைக்கிறது? முதலாவது, புள்ளி தெரிந்தால் அது டஃபன் ஆன கண்ணாடி என்று கொள்ளலாம். ஆனால் புள்ளி அதிகம் என்றால் பலம் அதிகம் என்று கொள்ளக் கூடாது. புள்ளி காட்டுவது பலத்தின் அளவை அல்ல, சீரின்மையை. மேற்பரப்பில் உண்மையில் எத்தனை கிலோ என்று அறிய, லேசர்க் கதிரைச் சாய்வாக உள்ளே செலுத்தி ஆழத்துக்கு ஆழம் அளக்கும் கருவிகள் தனியாக இருக்கின்றன.

இரண்டாவது, முன் கண்ணாடி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100, முன் கண்ணாடி லேமினேட்டட் ஆக இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது அது. கல் பட்டால் விரிசல் விடும். ஆனால் இடத்தைவிட்டுக் கொட்டாது, டிரைவருக்குப் பாதையும் மறையாது. டஃபண்ட் கிளாஸ் முன்னால் இருந்தால், உடைந்த நொடியில் முழுதும் வெள்ளையாகிப் பாதை தெரியாமல் போகும். லேமினேட்டட் முன் கண்ணாடியில் வரிசைப் புள்ளிகள் பொதுவாகத் தெரியாது. முன் கண்ணாடி என்று ஒருவர் கொடுத்த கண்ணாடியில் கதவுக் கண்ணாடிக்கு உரிய புள்ளி வரிசை அடர்த்தியாகத் தெரிந்தால், மாட்டுவதற்கு முன்னால் கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது, ஓரம். கண்ணாடியின் பலவீனம் ஓரத்தில் இருக்கிறது. சட்டத்தில் கோணலாக முறுக்கி மாட்டினாலோ, திருகாணி ஓரத்தில் நேராக அமுக்கினாலோ அங்கே புது விசை சேரும். போலராய்டில் பார்த்தால் அந்த இடத்தில் நிறம் விசிறி போல் விரியும். மூக்குக் கண்ணாடிக் கடைகளில் சட்டத்துக்குள் வில்லை இறுக்கமாக உட்கார்ந்துவிட்டதா என்று இதே முறையில் பார்ப்பது உண்டு. பாட்டில் ஆலைகளில் ஆறவைத்தது சரியா என்று ஒவ்வொரு தொகுதியிலும் எடுத்து இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

நான்காவது, கண்ணாடியோடு நிற்காத ஒரு பாடம். சேஸிஸில் வெல்டிங் வைக்கும்போதும் இதே கதை நடக்கிறது. கடைசியில் குளிர்ந்த வெல்டு சுருங்கி இழுவையில் மாட்டிக்கொள்கிறது. எஃகுக்குள் ஒளி போகாததால் அது நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் எஃகின் மேல் பிசின் பூசி அதில் நிறம் பார்க்கிறார்கள். புள்ளி தெரிகிற கண்ணாடியைக் கண்டு பயப்படுகிற நாம், ஒன்றும் தெரியாத சேஸிஸில் கண்ட இடத்தில் வெல்டு வைத்துவிட்டுப் பயமில்லாமல் போகிறோம். அஞ்ச வேண்டியது எதற்கு என்பதை யோசித்துப் பாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மடிக்கணினியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். பெரும்பாலான திரைகளிலிருந்து வருவது தளவிளைவு பெற்ற ஒளி. போலராய்டு கூலிங் கிளாஸைத் திரைக்கு முன்னால் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அந்த நிலையில், நடுவே ஜியாமெட்ரி பாக்ஸின் பிளாஸ்டிக் ஸ்கேலையோ பாகைமானியையோ நீட்டுங்கள். அச்சில் ஊற்றி அவசரமாக ஆறவைத்த பிளாஸ்டிக்கின் விசை முழுவதும் வானவில் நிறத்தில் தெரியும். ஓட்டைகளைச் சுற்றி நிறம் நெருக்கமாக இருப்பதைக் கவனியுங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான். டஃபண்ட் கிளாஸை உடைத்துப் பார்க்கும் வீரம் மட்டும் வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வட்டாரத்தில் ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன, பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, பாடி கட்டும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இரண்டு போலராய்டுத் தாள், ஒரு விளக்கு, ஒரு மரச் சட்டம்: இவ்வளவு போதும் ஒரு சோதனை மேசைக்கு. ஒவ்வொரு ஐ.டி.ஐ.யிலும் ஒன்று வையுங்கள். கண்ணாடி மாட்டக் கற்கும் பையன் முதல் வாரத்திலேயே அதில் நின்று பார்க்கட்டும். வண்டிக்காரர்களே, அடுத்த முறை கதவுக் கண்ணாடியில் புள்ளி தெரிந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லையென்றால், தாராளமாகச் சண்டைக்குப் போங்கள். நியாயம் உங்கள் பக்கம்.